புகழேந்தி சாரின் வலம்புரி

ஒரு பூவரசு இலையை அச்சுக்காக வெட்டுவதற்கு முன்னால் அந்த இலையிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது ஓவிய ஆசிரியர் புகழேந்தியின் கொள்கை. இலையை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். இலை ஒன்றும் சொல்லாது. ஒன்றும் சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கத்தியைக் கையில் எடுப்பார். அதற்குள் அவர் மனைவி அஞ்சுகம் துணி துவைத்து, மீன் ஆய்ந்து, குழம்பைக் கொதிக்க வைத்து, "என்னங்க, இலை ஒத்துக்கிச்சா, இல்ல சாயங்காலமும் பேச்சுவார்த்தையா?" என்று கேட்டுவிட்டுப் போயிருப்பாள்.

அஞ்சுகத்துக்கு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை. தண்ணீர் வரி வாங்குகிற ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள். அனுமதி என்றால் என்ன, அதை வாங்க எத்தனை தடவை நடக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். இலை இவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிடுவதில் அவளுக்குச் சின்னப் பொறாமைகூட உண்டு.

காரைக்கால் பக்கத்துக் கடலோர ஊரான திருவேட்டக்குடியில் அவர்கள் வீட்டின் பின்பக்கம் ஓர் அறை இருந்தது. புகழேந்தி அதை ஸ்டுடியோ என்பார். முன்பு தேங்காய் போட்டு வைத்திருந்ததால் அஞ்சுகம் இன்னும் தேங்காய் ரூம் என்றே சொல்வாள். அங்கேதான் லினோ அச்சு நடக்கும். லினோ என்பது ரப்பர் விரிப்பு போல ஒரு தகடு. வேண்டாத இடத்தைச் சின்ன உளியால் சுரண்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய மேட்டின்மேல் ரோலரால் மை தடவி, காகிதத்தை மேலே போட்டு, அதன் முதுகில் அழுத்தித் தேய்த்தால் படம் விழும். தேய்ப்பதற்கு அஞ்சுகத்தின் எவர்சில்வர் குழம்புக் கரண்டி. அது சமையலறையிலிருந்து ஸ்டுடியோவுக்குப் போன நாளில் கரண்டி என்ற பெயரை இழந்து கருவி ஆனது.

மற்றவர்கள் முதலில் பென்சிலால் வரைந்து, அதைத் தகட்டில் பதிந்து, பிறகு வெட்டுவார்கள். புகழேந்திக்கு அது பிடிக்காது. "பென்சில்ங்கறது இயற்கைக்கும் நமக்கும் நடுவுல வர்ற தரகர்" என்பார். பொருளைக் கண்ணால் பார்த்து நேராகத் தகட்டில் வெட்டிவிடுவார்.

இதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. அச்சில் எல்லாமே கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறித்தான் விழும். உருளைக்கிழங்கில் எழுத்தை வெட்டி மையில் தொட்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை அவரே வருஷா வருஷம் செய்து காட்டுகிறவர். ஆனால் எழுத்துக்குத்தானே அந்தக் கவலை? இடப்பக்கம் வளைந்த காம்பு படத்தில் வலப்பக்கம் வளைந்திருந்தால் பூவரச மரம் வழக்குப் போடப் போகிறதா? நண்டு வந்து என் கொடுக்கை மாற்றிவிட்டாய் என்று கேட்கப் போகிறதா? ஆகவே "இயற்கைக்கு இடம் வலம் கிடையாது" என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து, ஆசிரியர் தின விழாவில் ஒரு தடவை, சக ஆசிரியரின் பணி நிறைவு விழாவில் ஒரு தடவை, டீக்கடையில் பல தடவை சொல்லியிருந்தார். நல்ல வாக்கியம். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கென்றே சில வாக்கியங்கள் இருக்கின்றன.

இயற்கையில் இடம் வலம் பார்க்கிற பொருள் ஒன்று இருக்கிறது. அது இந்தக் கடற்கரையில் பிறந்த யாருக்கும் தெரியும், புகழேந்திக்கும் தெரியும். சங்கு. எல்லாச் சங்கும் ஒரே பக்கமாகத்தான் சுற்றியிருக்கும், அது இடம்புரி. எப்போதோ எங்கேயோ ஒன்று எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு பிறக்கும், அது வலம்புரி. எவன் வலையில் வலம்புரி விழுந்ததோ அவன் பெயரை மூன்று தலைமுறைக்குச் சொல்வார்கள். பூஜை அறையில் வைத்தால் லட்சுமி வீட்டை விட்டு நகரமாட்டாள் என்பார்கள். அதை வாங்க வருகிறவன் பேரம் பேசமாட்டான் என்பார்கள். பார்த்தவர்கள் குறைவு, சொல்பவர்கள் அதிகம்.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வாரம், கிளிஞ்சல்மேட்டிலிருந்து நீலமேகம் பைக்கில் வந்து ஒரு கோணிப்பையை வாசலில் இறக்கினான். நீலமேகம் அஞ்சுகத்தின் தம்பி. சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருப்பவன்.

"அக்கா, நண்டு கொண்டாந்திருக்கேன். அடியில சேத்தோட ஒரு சங்கு கெடக்கும். மச்சானுக்கு. படம் போடட்டும். உள்ள சதை இருக்கு, நாறும், பாத்துக்க."

"உக்காருடா, சாப்புட்டுப் போலாம்."

"இஞ்சின் மக்கர் பண்ணுதுக்கா. மெக்கானிக் காத்துக்கிட்டிருக்கான்."

அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. இஞ்சின் கவலையில் இருந்ததால் அந்தச் சங்கை அவன் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. இதைப் பின்னால் அவனே தலையில் அடித்துக்கொண்டு சொல்லப் போகிறான்.

அஞ்சுகத்துக்கு உடன்பிறந்தவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். 2004 டிசம்பருக்குப் பிறகு நீலமேகம் மட்டும். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. அவன் பைக் சத்தம் கேட்டால் அஞ்சுகம் அரிசியைக் கூடுதலாகக் களைவாள், அவ்வளவுதான். சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஓவியாவுக்கு ஆவணியில் கல்யாணம் முடிவாகியிருந்தது. தாய்மாமன் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்து வராத ஒரு கல்யாணத்தை அஞ்சுகத்தால் நினைத்துப் பார்க்க முடியாது. மண்டபம், சமையல், நாதஸ்வரம் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

சங்கை அஞ்சுகம் கழுவி, வேகவைத்து, சதையை எடுத்து, வெயிலில் காயவைத்துக் கொடுத்தாள். புகழேந்தி வழக்கம் போல எதிரே உட்கார்ந்தார். சங்கின் அனுமதி சற்றுத் தாமதமானது, நாற்றம் போக வேண்டியிருந்தது. பிறகு வெட்டினார். இந்த முறை பல வண்ணம். ஒரே தகட்டைக் கொஞ்சம் வெட்டி வெளிர் நிறத்தை அச்சடிப்பது, அதே தகட்டை இன்னும் கொஞ்சம் வெட்டி அடுத்த நிறத்தை அதன்மேலேயே அடிப்பது, இப்படிப் போய்க் கடைசி நிறத்தில் தகடு ஏறக்குறைய மொட்டையாகிவிடும். மறுபடி ஒரு பிரதி வேண்டுமென்றால் கிடையாது. "திரும்பிப் போக முடியாத கலை" என்றார் புகழேந்தி. "கரண்டியாவது திரும்பி வருமா?" என்றாள் அஞ்சுகம்.

படம் நன்றாக வந்திருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். உள்ளங்கையில் அடங்குகிற சங்கு ஒன்றரை அடிக் காகிதத்தில் நிமிர்ந்து நின்றது. உட்புறத்தின் இளஞ்சிவப்பு வெளியே வர வர மண் நிறமாகிப் போவதை, ஒரு நிறத்தின்மேல் இன்னொன்றை ஏற்றி எப்படியோ பிடித்திருந்தார். புதுச்சேரியில் கலைக்கூடம் நடத்தும் நந்தினி, காரைக்காலில் அவருக்குத் தனிக் கண்காட்சி வைக்க ஒப்புக்கொண்டிருந்தார். இருபது வருஷத்தில் முதல் தனிக் கண்காட்சி. ஆகவே படங்களை எல்லாம் சட்டம் போடுவதற்காகக் கடைத்தெருவில் இக்பாலின் கடைக்கு எடுத்துப் போனார். இரண்டு பிரதிகள் மட்டும் ஸ்டுடியோக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

இக்பால் சங்குப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சார், இது வலம்புரிங்களா?"

புகழேந்தி கறுப்புச் சட்டமா, தேக்கு நிறமா என்ற யோசனையில் இருந்தார். கேள்வி காதில் விழுந்தது, ஆனால் கேள்வியாக விழவில்லை, பாராட்டாக விழுந்தது.

"இக்பால், கண்ணால பாக்காத எதையும் நான் வெட்டறதில்ல. இதுல என் கற்பனைன்னு ஒரு கோடு கிடையாது. இயற்கை எப்படிக் குடுத்துச்சோ, அப்படியே."

"அப்ப வீட்லயே இருக்குதுங்களா சார்?"

"மேசை மேல இருக்கு. காத்துல காகிதம் பறக்குதுல்ல, அதுக்கு வச்சிருக்கேன்."

"காகிதம் பறக்காம இருக்கவா!" என்று இக்பால் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாதாரண மனிதர்களுக்கும் கலைஞர்களுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தப் புரிதலை அவர் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. பெருமாள் படத்துக்குக் கண்ணாடி மாற்ற வந்தவரிடம் சொன்னார். அவர் மீன் வாங்கப் போன இடத்தில் சொன்னார். சாயங்காலத்துக்குள் செய்தி கிளிஞ்சல்மேட்டுக்குப் போய்ச் சேர்ந்து, நீலமேகத்தின் பைக்கை ஸ்டார்ட் பண்ணியது.

"மச்சான், எங்க அது?"

"எது மாப்ள?"

"எதுன்னு கேக்குறாரு பாருக்கா! நா பொரட்டிக்கூடப் பாக்காம குடுத்த சங்கு."

புகழேந்தி மேசையிலிருந்து எடுத்து நீட்டினார். நீலமேகம் வாங்கிப் புரட்டினான். சங்கின் வாயை மேலே வைத்துப் பார்த்தான், கீழே வைத்துப் பார்த்தான், தானே ஒரு சுற்றுத் திரும்பி நின்று பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் இடம்புரி.

"இது இல்ல."

"இதுதான்டா நீ குடுத்தது."

"நா குடுத்தது இதவிடப் பெருசு."

"நீதான் பாக்கவே இல்லங்கறியே?"

"தூக்குனேன்ல? கனம் கைக்குத் தெரியாதா?" அவன் கண் கொடியில் தொங்கிய படத்தின்மேல் போனது. கிட்டே போய் நின்றான். "இதோ. இதாங்க வலம்புரி. எம்மாம் பெருசு! ஐயோ, பொரட்டிப் பாக்காம குடுத்தேனே... அந்த இஞ்சினத் தூக்கிக் கடல்ல போட!"

"மாப்ள, அது பெரிசாக்கி வெட்டினது."

"ஒரு கோடு சேக்கலன்னு இக்பால் கடையில சொன்னீங்களாம். இப்ப பெருசாக்குனேங்கிறீங்க."

அப்போதுதான் புகழேந்தி தன் படத்தை முதல்முறையாகப் பார்த்தார். அதாவது அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். கையில் இருந்த சங்கையும் பார்த்தார். அச்சு திரும்பியிருந்தது. அச்சு என்றால் திரும்பும். ஆறாம் வகுப்புப் பாடம்.

"நீலமேகம், இது அச்சுடா. அச்சுல எல்லாம் இடவலம் மாறித்தான் விழும். ரப்பர் ஸ்டாம்பு பாத்ததில்ல?"

"அப்ப அந்தத் தகட்டக் காட்டுங்க. அதுல இடம்புரியா இருக்கும்ல?"

தகட்டைக் காட்டினார். மொட்டைத் தகடு. ஓரத்தில் நிழலுக்கு விட்ட நாலு கீற்றுதான் மிச்சம்.

"எல்லாத்தையும் செரச்சு எடுத்துட்டீங்களே!"

"இந்த முறையே அப்படித்தான். கடைசியில ஒண்ணும் மிஞ்சாது."

"நல்ல முறையாத்தான் இருக்கு. சாட்சியே மிஞ்சாது."

புகழேந்தி ஆசிரியர். விளக்கிக் காட்டினால் புரியாதவன் உலகில் இல்லை என்று நம்புகிற இனம். ஒரு துண்டு லினோவை எடுத்து, சங்கைப் பார்த்து அவசரமாகச் சின்னதாக ஒன்று வெட்டி, மை தடவி, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அழுத்தினார். எடுத்துக் காட்டினார். தாளில் விழுந்திருந்தது சுண்டைக்காய் அளவு வலம்புரி.

நீலமேகம் தாளை வாங்கிக்கொண்டு யோசித்தான். அஞ்சுகம் கதவோரம் நின்று தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்புது" என்றான் நீலமேகம்.

"அதத்தான் சொல்றேன்."

"திரும்பும்னு உங்களுக்கு முன்னாலயே தெரியும்."

"இருபத்திரண்டு வருஷமா பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்ச ஆளு என்ன பண்ணியிருப்பீங்க? திரும்பும்னு கணக்கு வச்சு, முன்கூட்டியே திருப்பித்தான வெட்டியிருப்பீங்க? வலம்புரியப் பாத்து இடம்புரியா வெட்டியிருக்கீங்க. அது அச்சுல வலம்புரியா விழுந்திருக்கு. சரியாத்தான வருது?"

சரியாகத்தான் வந்தது. புகழேந்தி அதில் ஓட்டை தேடினார்; கிடைக்கவில்லை. திறமையான கலைஞன் என்றால் சங்கைத் திருடியவன். திருடவில்லை என்றால் ஆறாம் வகுப்புப் பாடம் மறந்தவன். நடுவில் நிற்க இடமே இல்லாமல் மைத்துனன் வலையைப் பின்னிவிட்டான்.

"இல்ல, மறந்துட்டேன்னு சொல்லுங்க மச்சான்" என்றான் நீலமேகம். குரல் தணிந்திருந்தது. "தெரியாம அப்படி வெட்டிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நா இப்பவே உக்காந்து சோறு திங்கிறேன்."

கதவோரத்தில் அஞ்சுகத்தின் தலை, சொல்லுங்க, சொல்லுங்க என்று ஆடியது. ஒரு வார்த்தைதான். ஆனால் புகழேந்திக்குப் பின்னால் சுவரில், இலக்கியப் பேரவை ஒன்று கொடுத்த 'கலைச்சுடர்' கேடயம் மாட்டியிருந்தது. அது முதுகில் சுட்டிருக்க வேண்டும்.

"என் கையில எனக்குத் தெரியாம ஒரு கோடு விழாது, மாப்ள."

நீலமேகம் எழுந்தான். "அக்கா, ஆவணிக்கு எனக்குப் பத்திரிக்க வைக்க வேணாம்" என்றான். நண்டுக் குழம்பு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. பைக் சத்தம் தெருமுனை திரும்பும்வரை அஞ்சுகம் கரண்டியை அதில் விட்டுக் கிண்டிக்கொண்டே நின்றாள். சமையலறையில் மிச்சமிருந்த வேறு கரண்டி.

அடுத்து வந்த நாட்களில் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். பக்கத்துவீட்டு ஞானசௌந்தரி வெற்றிலை பாக்கோடு வந்து, "தூரத்திலேருந்து பாத்துட்டுப் போறேன் சார், தொடமாட்டேன்" என்றாள். இடம்புரியைக் காட்டியதும், "அதானே, எல்லார்க்கும் காட்டுவீங்களா" என்று சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டுப் போனாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வலம்புரி வந்த வீட்டில் வாசல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது பற்றி விரிவாகப் பேசினார். இல்லை என்று சொல்லச் சொல்ல அது இருப்பது உறுதியாகிக்கொண்டே போனது.

புகழேந்திக்குத் தலை சுற்றியது. அலமாரிக் கண்ணாடி முன்னால் சங்கைப் பிடித்துப் பார்த்தார், கண்ணாடியில் வலம்புரி. படத்தைப் பிடித்தார், கண்ணாடியில் இடம்புரி. இரண்டையும் சேர்த்துப் பிடித்தபோது எது கண்ணாடிக்கு உள்ளே, எது வெளியே என்று ஒரு கணம் மறந்து போனது. ஒருவேளை அது நிஜமாகவே வலம்புரியாக இருந்து, தான் திருப்பி வெட்டியிருந்தால்? கைக்குத் தெரிந்து தலைக்குத் தெரியாமல் போயிருந்தால்? இந்தச் சங்கு எப்போது மேசைக்கு வந்தது? யார் வைத்தது? யோசனை போன போக்கில் சந்தேகம் கட்டிய மனைவியிடமே வந்து நின்றது.

"அஞ்சுகம், நீ கழுவினப்ப அது எப்படி இருந்துச்சு?"

"நாத்தம் அடிச்சுது."

"அதில்ல. எந்தப் பக்கமா சுத்தியிருந்துச்சு?"

"நீங்க வெட்டுன எதுதாங்க சரியான பக்கத்துல இருக்கு? போன வருஷம் நம்ம வீட்டு வாசல வெட்டுனீங்களே, முருங்க மரம் எந்தப் பக்கம் இருக்கு அதுல?"

புகழேந்தி அந்தப் படத்தைத் தேடி எடுத்தார். ஜன்னல் வழியே முருங்கை மரத்தைப் பார்த்தார். படத்தில் அது கிணறு இருக்க வேண்டிய பக்கம் நின்றது. நிஜத்தில் ஞானசௌந்தரி வீட்டுப் பக்கம் நிற்கிறது. எல்லாப் படத்தையும் எடுத்துப் பரப்பினார். அரசலாறு கடலில் சேருமிடம், மேலவாஞ்சூர் பனைமரங்கள், தெருமுனைக் குளம். இருபது வருஷமாகக் காரைக்காலைக் கண்ணாடிக்குள் தள்ளிப் பூட்டி வைத்திருந்தார்.

"நீ ஏன் சொல்லல?"

"அப்பவே பாத்தேன். ஆர்ட்டுன்னா அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

இந்த நேரத்தில்தான் நந்தினியின் போன். "சார், நீங்க அனுப்பின சங்கு, படம் ரெண்டு போட்டோவும் பார்த்தேன். பிரமாதம்! இடம்புரியை எடுத்து வலம்புரியா மாத்தியிருக்கீங்க. சாதாரணத்தைப் புனிதமாக்குற அந்த முடிவு... எவ்வளவு துணிச்சல்! கண்காட்சிக்கு அதுதான் மையம். 'இயற்கைக்கு இடம் வலம் கிடையாது'ன்னு நீங்க சொன்னதையே தலைப்பா வச்சிடறேன்."

அந்த முடிவை எப்போது எடுத்தோம் என்று புகழேந்தி யோசித்தார். நினைவில்லை. ஆனால் எடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. "ம்" என்றார்.

அந்த "ம்"மை அஞ்சுகம் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் வந்து எதிரே உட்கார்ந்தாள், அவர் இலைக்கு எதிரே உட்காருவது போல.

"கண்காட்சிக்கு அவன நா கூட்டியாரேன். எங்கால்ல விழுந்தாவது... இல்ல, அவங்கால்ல விழுந்தாவது கூட்டியாரேன். நீங்க மைக்குல சொல்லணும். மறந்துட்டேன்னு."

"நந்தினி மேடம் என்ன நெனப்பாங்க? தலைமையாசிரியர் வர்றாரு, என் பிள்ளைங்க வர்றாங்க..."

"ஒரு நாளைக்கு முட்டாளா இருங்க. மத்த நாள்ல நா யார்ட்டயாவது சொல்லியிருக்கனா?"

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு அவன் ஒருத்தன்தாங்க" என்றாள். இருபது வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவள் சொல்லி அவர் கேட்டதில்லை.

கண்காட்சி கடற்கரைச் சாலையில் ஒரு கூடத்தில் நடந்தது. கொம்யூன் பஞ்சாயத்து ஊழியர்கள், சக ஆசிரியர்கள், இக்பால், புதுச்சேரியிலிருந்து கைத்தறிப் பையோடு வந்த சிலர். நடுச்சுவரில் சங்கு, அதன்மேல் தனி விளக்கு. ஞானசௌந்தரி செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து அதன் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்துப் புதுச்சேரிக்காரர்களும் யோசனையோடு செருப்பைக் கழற்றினார்கள். அதுவும் கண்காட்சியின் ஒரு பகுதி என்று நினைத்திருக்கலாம். கடைசி வரிசையில் தூண் பக்கமாக அஞ்சுகம் நின்றாள். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நீலமேகம்.

நந்தினி பேசினார். நிலம், உடல், நினைவு, எதிர்ப்பு என்று பல ஊர்கள் வழியாகச் சுற்றி ஒருவழியாகச் சங்குக்கு வந்து சேர்ந்தார். "திசையின் அதிகாரத்தையே இந்தக் கலைஞர் கேள்வி கேட்கிறார்" என்றார். திசை பதில் சொல்லவில்லை. கைதட்டல். பிறகு மைக் புகழேந்தியிடம் வந்தது.

தொண்டையைச் செருமினார். தூணைப் பார்த்தார்.

"மேடம் சொன்ன மாதிரி நான் எதையும் கேள்வி கேக்கல. மறந்துட்டேன். அச்சுல திரும்பும்னு எனக்குத் தெரியும். ஆனா மறந்துட்டேன். அது சாதாரண இடம்புரிச் சங்கு. என் மைத்துனன் குடுத்தது. தப்பா வெட்டிட்டேன்."

சொல்லிவிட்டதே புகழேந்திக்குத் தெம்பு கொடுத்தது.

"அது மட்டும் இல்ல. இங்க இருக்கற எல்லாமே திரும்பித்தான் இருக்கு. ஆறு, மரம், எங்க வீடு. இருபது வருஷமா. எனக்கே இப்பத்தான் தெரியும்."

நந்தினி மெல்ல எழுந்து நின்று கைதட்டினார். புதுச்சேரிக்காரர்கள் எழுந்தார்கள். பிறகு எல்லோரும். "எவ்வளவு பெரிய தன்னடக்கம்!" என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இல்ல, நிஜமாவே" என்றார் புகழேந்தி. கைதட்டல் இன்னும் கூடியது. இதற்கு மேல் மைக்கில் என்ன சொன்னாலும் அது பெருமையாகவே போய் முடியும் என்று தெரிந்து, அதைத் திருப்பிக் கொடுத்தார். கடைசி வரிசையில் நீலமேகம் மட்டும் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. நம்பினானா, இல்லையா? அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்தான். அஞ்சுகம் கேட்காமலே ஆட்டோவுக்குப் பின்னால் பைக்கில் வந்து, வாசலில் கால் கழுவி, உள்ளே வந்து உட்கார்ந்தான். அஞ்சுகம் அவசர அவசரமாக மீனைப் பொரித்தாள். இருவருக்கும் தட்டு வைத்தாள். நீலமேகம் சாப்பிட்டான். புகழேந்தி சாப்பிடுவது போலப் பாவனை செய்தார்.

"மச்சான்" என்றான் நீலமேகம், முள்ளை எடுத்தபடி. "உங்களப் பத்தி எனக்குத் தெரியும். செத்தாலும் தப்புப் பண்ணிட்டேன்னு ஒத்துக்கற ஆளில்ல நீங்க. அத்தன பேரு முன்னாடி, மைக்கப் புடிச்சு, நா மறதிக்காரன், தப்பா வெட்டுனவன்னு உங்கள நீங்களே கேவலப்படுத்திக்கிட்டீங்க."

"உண்மையத்தான் மாப்ள..."

"இருங்க, நா முடிச்சுக்கறேன். எதுக்கு அப்படிப் பண்ணுனாருன்னு வழி பூரா யோசிச்சுக்கிட்டே வந்தேன். அத விட்டுக்குடுக்க மனசு வரல உங்களுக்கு. மானம் போனாலும் பரவால்ல, அது கையில இருக்கணும். அவ்ளோ ஆச." அவன் சோற்றைப் பிசைந்தான். "வச்சுக்குங்க. நா பாக்காமத்தான குடுத்தேன்? கடல் எனக்குன்னு குடுத்திருந்தா நா பொரட்டிப் பாத்திருப்பேன்ல? ஒரு சங்குக்காக எங்கக்காவ விட முடியாது மச்சான் என்னால."

புகழேந்தி வாயைத் திறந்தார். சொல்வதற்கு உண்மை ஒன்று தயாராக இருந்தது. அதை ஏற்கெனவே மைக்கில் சொல்லியாகிவிட்டது.

"அது என் சீரா இருக்கட்டும்" என்றான் நீலமேகம். "ஓவியாவுக்கு. ஆவணியில தட்டுல வச்சு நானே தூக்கியாரேன். ஊரு பாக்கட்டும்."

அஞ்சுகம் குழம்பு ஊற்ற வந்தவள் அப்படியே நின்றாள். கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. தம்பியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். பல நாட்களாக எதுவும் விளங்காமல் கிடந்த புகழேந்திக்கு அந்தப் பார்வை மட்டும் விளங்கியது.

"பத்திரமா இருக்குல்ல?" என்றான் நீலமேகம்.

"பத்திரமா இருக்கு, மாப்ள."

"எங்க வச்சிருக்கீங்க?"

"அத மட்டும் கேக்காத."

நீலமேகம் சிரித்தான். தடைக்காலம் தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் அவன் சிரிப்பது அதுதான் முதல் தடவை. "கேக்கல, கேக்கல. அக்கா, குழம்ப என் தட்டுல ஊத்து, தரையில ஊத்தாம."

அவன் சாப்பிட்டு எழுந்து கொல்லைப்புறம் கை கழுவப் போனான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. புகழேந்தி மனைவியின் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

"ஆவணிக்கு என்ன பண்றது?"

"அத ஆவணியில பாத்துக்கலாம்" என்றாள் அஞ்சுகம், மிச்சமிருந்த பெரிய துண்டை அவர் தட்டில் வைத்து. "சாப்புடுங்க மொதல்ல."